மெகாபிக்சலை மட்டும் பார்க்காதீங்க!



முன்னாள் மாணவர்கள் சேர்ந்து கொடுத்த பணத்தில் நம்ம பள்ளிக்கு ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கப் போறாங்கன்னு பிரேயரில் சொன்னாங்க இல்லையா? அன்னையிலிருந்து எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை மெகாபிக்சல்?" படத்தில் எத்தனை புள்ளிகள் இருக்கு என்ற கணக்குதான் மெகாபிக்சல். 10 லட்சம் புள்ளி ஒரு மெகாபிக்சல். நம்ம நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற படத்துக்கு 12 மெகாபிக்சலே தாராளம். கடையில் கேட்க வேண்டிய கேள்வி வேற. "இதோட டைனமிக் ரேஞ்ச் எவ்வளவு?"

அது என்னன்னு பார்ப்போம். ஒரே படத்தில் வெயில் பட்ட இடமும் தெரியணும், இருட்டான மூலையும் தெரியணும். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் ஒரு கேமரா சமாளிக்கும் என்பதுதான் டைனமிக் ரேஞ்ச். இதை 'ஸ்டாப்' கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் 2 மடங்கு. 2 ஸ்டாப் என்றால் 4 மடங்கு, 3 ஸ்டாப் என்றால் 8 மடங்கு. நம்ம கணக்குப் பாடத்தில் வருகிற அடுக்குக்குறியேதான்! 10 ஸ்டாப் என்றால் 1,024 மடங்கு, 14 ஸ்டாப் என்றால் 16,384 மடங்கு. நாலுதானே வித்தியாசம்னு நினைச்சுடாதீங்க, அது 16 மடங்கு.

கேமராவுக்குள் ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போ சென்சார் இருக்கு. அதில் லட்சக்கணக்கான குட்டிக் குழிகள். மழை பெய்யும்போது வாசலில் பாத்திரம் வைக்கிற மாதிரி நினைச்சுக்கோங்க. வெளிச்சம்தான் மழை. டம்ளர் சீக்கிரம் நிரம்பி வழிஞ்சிடும். வழிஞ்ச பிறகு எவ்வளவு மழை பெய்ததுன்னு அதை வச்சுச் சொல்ல முடியாது. படத்தில் அந்த இடம் வெறும் வெள்ளையாப் போயிடும். அண்டா அவ்வளவு சீக்கிரம் வழியாது. இன்னொன்றும் இருக்கு. பாத்திரத்தின் அடியில் ஏற்கெனவே ஈரம் இருந்தால், அதில் ஒரு சொட்டு விழுந்ததா இல்லையான்னே தெரியாது. அந்த ஈரத்துக்குக் கேமராவில் 'நாய்ஸ்' என்று பேர். நிழலான இடத்தில் பொடிப்பொடியாத் தெரியுமே, அதுதான். பெரிய பாத்திரம், குறைந்த ஈரம், இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல டைனமிக் ரேஞ்ச்.

பாக்கெட்டில் வைக்கும் சின்னக் கேமராக்கள் பலவற்றில் சென்சார் சுமார் 6.2 மி.மீ. × 4.6 மி.மீ. தான். ஏபிஎஸ்-சி என்ற வகை சுமார் 23.5 × 15.6 மி.மீ., ஃபுல் ஃபிரேம் 36 × 24 மி.மீ. பரப்பளவு நீங்களே போட்டுப் பாருங்க. கடைசி வகை முதல் வகையைப் போல 30 மடங்கு! ஆனா அளவு மட்டுமே எல்லாம் இல்லை. பிரான்ஸ் நாட்டு டிஎக்ஸ்ஓ ஆய்வகம் அளந்ததில், 2010-இல் வந்த நிக்கான் டி7000 ஏபிஎஸ்-சி கேமரா 13.9 ஸ்டாப் வாங்கியிருக்கு. 2012-இல் வந்த கேனான் 5டி மார்க் 3 ஃபுல் ஃபிரேம், விலையும் அதிகம், ஆனால் 11.7 தான். அதில் அடி ஈரம் அதிகம். அதனால பழைய கேமரா என்று ஒதுக்காமல், செகண்ட் ஹேண்டில் நல்லதாக் கிடைத்தால் வாங்கலாம் என்பது என் கருத்து.

இதுக்கு ஏன் இவ்வளவு எழுதுறேன்னு கேட்கலாம். போன வருஷ குரூப் போட்டோவைப் பாருங்க. முன்வரிசை வெயிலில், பின்வரிசை வேப்பமர நிழலில். பின்னாடி நின்ற என் தோழிகள் மூணு பேருக்கு முகமே இல்லை. "நீங்க கருப்பு, அதான் விழல"ன்னு போட்டோ எடுத்தவர் சொல்லிட்டார். ஒருத்தி அந்தப் போட்டோவை வாங்கவே இல்லை. கணக்கு என்ன சொல்லுதுன்னு பார்ப்போமா? மர நிழலில் வெளிச்சம் வெயிலைவிட 8 முதல் 16 மடங்கு குறைவு, அதாவது 3 அல்லது 4 ஸ்டாப். நம்ம வகுப்பில் மாநிறத்துக்கும் கருப்புக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 2 மடங்கு, ஒரே ஒரு ஸ்டாப். முகத்தை மறைச்சது நிறமா, நிற்க வைத்த இடமா? நீங்களே சொல்லுங்க.

ஃபியூஜி கம்பெனி இதுக்கு ஒரு வேடிக்கையான வழி கண்டுபிடிச்சது. 2004-இல் வந்த எஸ்3 ப்ரோ கேமராவில் ஒவ்வொரு பெரிய குழிக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் குழி. சின்னதுக்குள் வெளிச்சம் மெதுவாகத்தான் சேரும். பெரியது வழிஞ்சாலும் சின்னது கணக்கு வச்சிருக்கும். வெள்ளை கவுன், கருப்பு கோட் போடுகிற வெளிநாட்டுக் கல்யாணங்களுக்கு அதை விரும்பி வாங்கினார்களாம். இப்போ செல்போன்கள் பல படங்களை வேகமா எடுத்து ஒன்றாக்குது. கபடி ஆடும்போது அப்படி எடுத்தால் சில நேரம் ஒரு கைக்குப் பக்கத்தில் இன்னொரு பேய்க்கை வரும்!

கேமராவில் 'ரா' ஃபைல் எடுக்கும் வசதி இருக்கணும், இது முக்கியம். ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். நிழலை அப்புறமா கம்ப்யூட்டரில் தூக்கிவிட இந்தப் படிகள் தேவை.

கேமரா வாங்கப் போகும் சாரும் டீச்சரும் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஐஎஸ்ஓ 100-இல் வையுங்க (ஏற்ற ஏற்ற டைனமிக் ரேஞ்ச் குறையும்). கடைக்குள் ஒருத்தரை வாசலுக்கு முன்னால் நிற்க வச்சு, பின்னாடி வெயில் அடிக்கும் தெரு தெரிகிற மாதிரி, தெரு வெளுத்துப் போகாத அளவில் ஒரு படம் எடுங்க. முகம் இருட்டாத்தான் வரும், பரவாயில்லை. அந்த ரா ஃபைலைக் கம்ப்யூட்டரில் போட்டு நிழலை மட்டும் வெளிச்சமாக்குங்க. கண்ணும் மூக்கும் பொடி இல்லாமல் தெளிவாத் தெரிந்தால் அதையே பில் போடச் சொல்லுங்க. எங்களையும் கூட்டிட்டுப் போனால், நிற்பதற்கு என் தோழிகள் தயார்.

— 9-ஆம் வகுப்பு மாணவி