தொல்லியல் படித்தால் வேலை உண்டா?

சென்ற மாதக் கூட்டத்தில் நம் சங்க அன்பர் ஒருவர் கவலையுடன் கேட்டார்: "பெண் தொல்லியல் எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்கிறாள். மண்ணைத் தோண்டினால் சோறு கிடைக்குமா, சார்?"

நான் ரயில்வேயில் தண்டவாளம் போட்டவன். 19-ஆம் நூற்றாண்டில் லாகூர்–முல்தான் பாதைக்கு ஹரப்பாவின் செங்கற்களை அள்ளிக் கொட்டியவர்கள் எங்கள் தொழிலின் முன்னோர்கள்தாம். அந்தக் கடனுக்காகவாவது விசாரித்தேன்.

1861-இல் தொடங்கிய மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் 3,600-க்கும் மேற்பட்ட சின்னங்கள் உள்ளன. நிரந்தரப் பணியிடங்களோ குறைவு. விளம்பரத்துக்குக் காத்திருக்க வேண்டும். எம்.ஏ. முடித்தபின் அத்துறை கிரேட்டர் நொய்டாவில் நடத்தும் இரண்டாண்டு டிப்ளமாவும் இருந்தால் கை பலப்படும். மாநிலத் துறைகள், அருங்காட்சியகங்கள், 'நெட்' தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியப் பணி ஆகியவையும் உண்டு. பழங்கட்டடங்களைச் செப்பனிடும் பிரிவில் என்னைப் போன்ற டிப்ளமாக்காரர்களுக்கும் வேலை உண்டாம். எனக்குத்தான் காலம் கடந்து தெரிந்தது!

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வாசலும் உண்டு. அது கல்வெட்டுப் பிரிவு. தலைமையகம் மைசூரில், சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது. நாட்டில் கிடைத்த கல்வெட்டுகளில் பெரும்பங்கு தமிழ். அங்கே தோண்டத் தெரிவதைவிட மொழிப் புலமைக்கே மதிப்பு.

"பெண்ணுக்குத் தமிழ் படிக்க வருமா?" என்று கேட்டேன்.

"நன்றாகப் பேசுவாள்" என்றார் அன்பர், சற்றே தயங்கி.

இப்போது ஞாயிறு வகுப்புக்கு வருகிறாள். வட்டெழுத்துக்கு இன்னும் நாளாகும். 'ற'கரமும் 'ர'கரமும் நடந்துகொண்டிருக்கின்றன.