சொல் அறிவோம்: 'ப்ரிசீட்'

நம்மில் பலர் பள்ளிப் படிப்போடு கல்லாவில் உட்கார்ந்தவர்கள். ஆனால் மில்காரர் கடிதமும் வரித்துறை அறிவிப்பும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அவற்றில் அடிக்கடி தென்படும் ஒரு சொல்லை இம்மாதம் பார்ப்போம்.

'ப்ரிசீட்' என்றால் முந்தி வருதல். ஏறக்குறைய அதே ஒலியுடைய 'ப்ரொசீட்' வேறு சொல். அதற்கு மேற்கொண்டு நடத்துதல் என்று பொருள்.

இரண்டையும் குழப்பி ஒரு தீபாவளியில் நாம் நஷ்டப்பட்டோம். வெளிமாநில மில் ஒன்றுக்குத் துவரம் பருப்பு ஆர்டர் கொடுத்திருந்தோம். 'பேமெண்ட் மஸ்ட் ப்ரிசீட் டெஸ்பாட்ச்' என்று பதில் வந்தது. சரக்கு புறப்படுகிறது, பணம் அனுப்புங்கள் என்று நாமாகப் பொருள் கொண்டு லாரிக்குக் காத்திருந்தோம். பணம் வந்த பிறகே சரக்கு ஏற்றுவோம் என்பதுதான் அதன் பொருள். விஷயம் புரிந்தபோது பண்டிகை நெருங்கிவிட்டது. உள்ளூரில் கூடுதல் விலைக்கு வாங்கித்தான் வாடிக்கைக் கடைகளுக்குக் கொடுத்தோம். தவறு மில்காரருடையது அல்ல, நம்முடையதே.

ஆகவே விதி இது: இச்சொல்லுக்கு முன்னால் நிற்பது முதலில் நடக்க வேண்டும், பின்னால் நிற்பது அதற்குப் பிறகு.

இதன் மற்றொரு வடிவம் 'ப்ரிசீடிங்', அதாவது முந்தைய. ஜி.எஸ்.டி. விதிகளில் 'ப்ரிசீடிங் ஃபைனான்ஷியல் இயர்' என்று பல இடங்களில் வரும். தமிழ்நாட்டில் சரக்கு வணிகர் காம்போசிஷன் முறையில் இருக்க, முந்தைய நிதியாண்டின் மொத்த விற்றுமுதல் 1.5 கோடி ரூபாயைத் தாண்டியிருக்கக் கூடாது. 2025-26ஆம் ஆண்டுக்கு 2024-25ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். தகுதி இருந்தும், நடப்பாண்டு விற்பனை வரம்பைத் தாண்டினால் அன்றோடு அந்தச் சலுகை முடிந்துவிடும்.

மொத்த வியாபாரிகள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது 'எனி ப்ரிசீடிங்' என்பதை. இ-இன்வாய்ஸ் அறிவிப்பில் இது வருகிறது. 2017-18 முதல், முந்தைய ஆண்டுகளில் ஏதேனும் ஒன்றில் விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தாலே, பதிவு பெற்ற வணிகருக்கு விற்கும் வரிச்சரக்குக்கு இ-இன்வாய்ஸ் போட வேண்டும். இந்த வரம்பு 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. போன வருடம் 4 கோடிதானே என்று இருந்துவிடக் கூடாது. வரிவிலக்குப் பெற்ற சரக்கின் விற்பனையும் இந்தக் கணக்கில் சேரும். இ-இன்வாய்ஸ் போட வேண்டிய இடத்தில் சாதா பில் கொடுத்தால் அது பில்லாகவே கொள்ளப்படாது. நம்மிடம் வாங்கிய கடைக்காரருக்கும் உள்ளீட்டு வரி எடுப்பதில் சிக்கல் வரும்.

எனவே இச்சொல்லைக் கண்டால் முந்தியது எது, முந்தைய ஓர் ஆண்டா, எந்த ஆண்டாயினுமா என்று நிறுத்திப் படியுங்கள். ஐயமிருந்தால் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். கேட்பதில் குறைவில்லை, கேளாமல் இழப்பதுதான் குறைவு.