புடைவைக் கடையின் இருப்பைக் கணித்தல்

புடைவைக் கடையொன்றிலே கிடக்கும் சரக்கின் பெறுமதி யாதென வினவினால், எண்ணிப் பார்த்தாலன்றிச் சொல்லவியலாது என்பதே பலரின் விடையாகும். சேலை, வேட்டி, சட்டைத் துணி, பிள்ளைகளின் உடுப்பு என ஆயிரக்கணக்கான உருப்படிகளை எண்ணியும் அளந்தும் முடிப்பதற்கு இரண்டு மூன்று நாட்களேனும் கடையைப் பூட்டவேண்டும். ஆகலின் இவ்வேலை பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, கணக்காண்டு முடிவுறும் மார்ச்சு 31ஆந் திகதியை ஒட்டியே நடைபெறும். இடைப்பட்ட மாதங்களில் இருப்பை அறியாது மேலும் மேலும் கொள்வனவு செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதை ஒக்கும். சரக்கைத் தொடாமலே ஏட்டிலிருந்து இருப்பை மதிப்பிடும் சில்லறை விலை முறை இக்குறையை நீக்குவது. விடை உண்மைக் கிரயத்தை அண்மித்திருப்பின் இம்முறையைக் கையாளலாம் என இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 உம் அனுமதிக்கின்றது.

யான் முன்னர் கணக்கெழுதிய யாழ்ப்பாணத்துக் கடையொன்றின் ஓராண்டுக் கணக்கை, தொகைகளை முழுமையாக்கி, வர்த்தகம் பயிலும் மாணவர்க்கு எடுத்துக்காட்டாகத் தருகின்றேன். ஆண்டின் தொடக்கத்தில் இருந்த சரக்கின் கொள்விலை 20 இலட்சம் ரூபா. அச்சரக்கின் சீட்டுக்களிற் குறித்த விற்பனை விலை 32 இலட்சம். ஆண்டினுள் வாங்கியதன் கொள்விலை 40 இலட்சம். குறித்த விலை 68 இலட்சம். இரண்டையுங் கூட்டினால் கொள்விலை 60 இலட்சமும் குறித்த விலை 100 இலட்சமும் ஆகும். அஃதாவது, குறித்த விலையில் நூற்றுக்கு 60 பங்கு கொள்விலை. விற்பனையோ 70 இலட்சம். எஞ்ச வேண்டியது 30 இலட்சம்; அதன் கொள்விலை 18 இலட்சம்.

எண்ணி முடித்தபோது, குறித்த விலைப்படி 24 இலட்சத்துச் சரக்கே இருந்தது. ஆறு இலட்சத்தைக் காணவில்லை!

முதலாளியின் ஐயம் இருபது ஆண்டுகளாக அங்கு வேலைசெய்த மூத்த சிப்பந்தி ஒருவர்மீது விழுந்தது. திறப்புக்கோவை அவரிடமே இருந்தது. அதைத் தவிர வேறு சான்று எதுவும் இல்லை. அவர் அழவுமில்லை, வாதாடவுமில்லை. "முதலாளி, தீபாவளிக்குப் பிறகு மலிவாய்க் குடுத்தது எதிலை எழுதியிருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

எதிலும் எழுதப்படவில்லை. தீபாவளி கழிந்தபின் 20 இலட்சம் எனக் குறித்திருந்த சரக்கை 15 இலட்சத்துக்கு விற்றிருந்தோம். பெற்ற பணம் விற்பனையிற் சேர்ந்தது. குறைத்த 5 இலட்சமோ ஏட்டில் ஏறவில்லை. அதனை எழுதியிருக்க வேண்டியவன் யானே. அதையுங் கழித்தால் இருக்கவேண்டியது 25 இலட்சம். மிகுந்த ஓர் இலட்சத்தில் 70,000 ரூபா, தீபாவளிக்கு வேலையாட்களுக்குக் கொடுத்த உடுப்புக்களின் விலை. எஞ்சிய 30,000க்கு எலியும் ஈரமும் ஓரளவு காரணமாகலாம். திட்டமாகக் கூற இயலவில்லை. முதலாளி அவரது வீடு தேடிச் சென்று வருத்தந் தெரிவித்தார். அவர் தேநீர் கொடுத்து உபசரித்தார். கடைக்குத் திரும்பி வரவில்லை.

விலை குறைப்பை எஞ்சிய சரக்கிலிருந்து கழிக்கவேண்டுமேயன்றி, 60 என்னும் வீதத்தைக் காண்பதிற் சேர்த்தலாகாது. 100 இலட்சத்தை 95 ஆக்கி வகுத்தால் வீதம் 63க்கு மேலேறி, இருப்பின் மதிப்பும் உயர்ந்துவிடும். இருப்பைக் கூட்டிக் காட்டுதல் வராத இலாபத்தை வந்ததாகக் காட்டுதலாகும்.

இன்னும் ஒன்று. பட்டுச் சேலைக்கும் பாடசாலைச் சீருடைத் துணிக்கும் இலாப வீதம் ஒன்றன்று. இரண்டையுங் கலந்து ஒரே வீதங் கண்டால், எது மிகுதியாக விற்றதோ அதற்கேற்ப விடை பிழைக்கும். பகுதிக்கொரு கணக்கு வைத்தலே முறை. அவ்வாறு வைத்தாலும் ஏடு கூறுவது ரூபாவை மட்டுமே. 40ஆம் அளவுச் சட்டை முற்றாகத் தீர்ந்து, எவரும் கேளாத 46ஆம் அளவு தட்டு நிறையக் கிடப்பதை அது கூறாது. அதற்காக வாரந்தோறும் சனிக்கிழமை மாலையில் ஓர் இறாக்கையை மட்டும் அளவுவாரியாக எண்ணி, ஏட்டோடு ஒப்பிடும் வழக்கத்தைப் பின்னர் ஏற்படுத்தினோம். கடையைப் பூட்ட வேண்டியிருக்கவில்லை. ஓர் இறாக்கைக்கு அரைமணி நேரம் போதுமாயிருந்தது.