ஆற்றங்கரைப் பாடம்

பெரியபாளையத்தை ஒட்டியோடும் ஆரணி ஆறு ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே காட்சி தரும். ஆந்திரத்துப் பிச்சாட்டூர் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டாலோ, இங்கு வானம் தெளிந்திருக்கையிலேயே வெள்ளம் வந்து சேரும். 2021 நவம்பரில் ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கியதை நாம் அறிவோம்.

'ஆற்றுப் பக்கம் போகாதே' என்னும் தடை பாடமாகாது. பள்ளி அக்கரையில் இருப்பின் பிள்ளை என்ன செய்யும்? விரைந்தோடும் நீர் அரையடி உயரமேயாயினும் ஆளைச் சாய்த்துவிடக்கூடும் என்பதை முதலில் விளக்குதல் வேண்டும். பின்னர் வினவுவோம்: செருப்பை நீர் அடித்துச் சென்றால்? தோழன் தவறி விழுந்தால்? தானும் குதித்துவிடாமல், ஆட்களைக் கூவியழைத்து, கயிறோ வெற்றுக் குடமோ எறியும் விடையை மாணவரே கண்டடையட்டும்.

கடினமானது இனித்தான். "ஏறிக்கொள், கடந்துவிடலாம்" என வண்டியில் வரும் பெரியவர் அழைக்கையில், "வேண்டாம் ஐயா, நீர் வடியட்டும்" என்று மறுக்கப் பிள்ளைக்கு நா எழ வேண்டும். பெரியோர் சொல் தட்டாதே என்று மட்டுமே பயிற்றும் நாம், அம்மறுமொழியை வகுப்பில் உரக்கச் சொல்லிப் பழக்குகிறோமா?