வரைந்தவர் கையிலிருந்தே வாங்கு

அன்புள்ள கண்ணம்மா,

கூடத்துச் சுவர் வெறிச்சென்று இருக்கிறது, ஆன்லைனில் ஒரு கேன்வாஸ் பிரின்ட் பார்த்து வைத்திருக்கிறேன், ஆர்டர் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். போடாதே. அந்தக் காசை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை ஈஞ்சம்பாக்கம் போய்விட்டு வா. சோழிங்கநல்லூரிலிருந்து அக்கரைக்கு வந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் கொஞ்ச தூரத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். இத்தனை பக்கத்தில் குடியிருந்துகொண்டு நீ இன்னும் அங்கே போகாமல் இருப்பது எனக்கு மனசு ஆறவில்லை.

அந்த இடம் எப்படி உண்டானது என்று தெரிந்துகொண்டு போ. 1960-களில் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1850-ல் தொடங்கிய கல்லூரி அது. பெரியமேட்டில் இன்றும் நடக்கிறது. கையில் வித்தை உள்ள பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டுக்காக ஏதோ ஒரு வேலையில் சேர்ந்து, தூரிகையை மூட்டை கட்டிவிடுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. படத்தை நம்பிப் பிழைக்கிற காலமும் இல்லை அது. அதனால் ஓவியர்கள் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, பாத்திக் செய்தார்கள். உருக்கிய மெழுகால் துணியில் வரைந்து சாயத்தில் முக்குவார்கள். பிறகு மெழுகை எடுத்தால், அது இருந்த இடம் மட்டும் சாயம் ஏறாமல் கோடாக நிற்கும். அந்தத் துணிகளைக் கண்காட்சி வைத்து விற்றார்கள். அப்படிச் சேர்த்த பணத்தில்தான் 1966-ல் ஏறக்குறைய பத்து ஏக்கர் கடலோர நிலத்தை வாங்கிக் குடியேறினார்கள்.

ஒரு ஜமீன்தாரோ மில் முதலாளியோ தானமாகக் கொடுத்த மண் இல்லை அது. திரைச்சீலைக்கோ சுவரில் மாட்டவோ ஒரு பாத்திக் துணி வாங்கிப்போன, பெயர் தெரியாத எத்தனையோ பேரின் காசு அந்த மண்ணில் இருக்கிறது. அவர்கள் வாங்காமல் போயிருந்தால் கிராமமும் இல்லை, அங்கே பிறந்த படங்களும் இல்லை. வாங்குகிறவருக்கும் கலையில் பங்கு உண்டு என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். நீ வாங்கப்போவது ஒரு முழத்துக் காகிதமாக இருந்தாலும் அந்தப் பங்கு உனக்கும் வரும்.

போனதும் முதலில் அங்குள்ள அருங்காட்சியகத்துக்குள் போ. மெட்ராஸ் இயக்கம் என்று சொல்லப்படும் அந்தத் தலைமுறையின் வேலைகளை 2009-லிருந்து அங்கே நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை நின்று பார். ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும், கணக்கு நோட்டு மாதிரி இருக்கும், எழுத்து மாதிரியே இருக்கும். வாசிக்கப் போனால் ஒரு சொல்லும் தேறாது. படிக்க முடியாததைப் பார்க்கப் பழகிக்கொள்ள அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கே. ராமானுஜத்தின் பேனா ஓவியங்களையும் தேடிப் பார். கனவில் வருகிற கோபுரங்களும் மாளிகைகளும் பாம்புகளும் மெல்லிய கோடுகளால் அடர்த்தியாக நிறைந்திருக்கும். அந்தக் கிராமத்தில் வாழ்ந்து, 1973-ல் இளம் வயதிலேயே இறந்துபோனவர். வறுமையிலேயே கிடந்த அவருடைய கோடுகளை இன்று ஏலத்தில் போட்டி போட்டு எடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட அவருடைய அரிசிக்கோ மைக்குப்பிக்கோ உதவவில்லை. உயிரோடு இருக்கிறவரிடம் வாங்கு என்று உன்னை நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முதல் தலைமுறையில் பலர் இப்போது இல்லை. இருக்கிறவர்களின் பட்டறை பெரும்பாலும் வீட்டோடு சேர்ந்தது. பக்கத்து அறையில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும். ஆகவே முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போ. காட்சிக்கூடத்தில் இருப்பவர்களிடம் விசாரித்தால் யாரைப் பார்க்கலாம் என்று சொல்வார்கள். கேட்காமல் போட்டோ எடுக்காதே. பாதியில் நிற்கும் படத்தைக் கண்டிப்பாக எடுக்காதே.

உள்ளே போனதும் “இதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்கத் தோன்றும். அதை விட்டுவிட்டு, “எந்த இடத்தில் ஆரம்பித்தீர்கள்? முடிந்துவிட்டது என்று எப்போது தெரிந்தது?” என்று கேட்டுப் பார். அதுவரை ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னவர் எழுந்து போய்ப் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருவார். சுவரில் மாட்டியிருப்பதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதே. சுவரோடு திருப்பிச் சாத்தி வைத்திருப்பதையும், இழுப்பறையில் டிஷ்யூ காகிதம் இட்டு அடுக்கியிருப்பதையும் பார்க்கலாமா என்று கேள். பட்டறைக்கே போவதன் லாபம் அதுதான். கடைச் சுவரில் ஒரு படம் தனியாக நிற்கும். இங்கே அதற்கு முன் வந்த பத்தும் பின் வந்த பத்தும் கூடவே இருக்கும். அவற்றில் எது உன்னை இரண்டாவது முறையும் இழுக்கிறது என்று கவனி. அன்றைக்கே வாங்காதே. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்தும் கண்ணை மூடினால் அது தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போ.

உன் சம்பளத்துக்குப் பெரிய கேன்வாஸ் எட்டாது. காகிதத்தில் வரைந்ததையும் அச்சோவியத்தையும் பார். அச்சோவியத்தில் ஒரு வகையான எச்சிங்கை ஜெராக்ஸ் போன்றது என்று நினைத்துவிடாதே. செம்பு அல்லது துத்தநாகத் தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டால் கீறிய இடம் மட்டும் அரிக்கும்; அந்தப் பள்ளத்தில் மையைத் தேய்த்து, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தி எடுப்பார்கள். காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துப் பார். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு பதிந்த பள்ளம் தெரியும். விரல் வைக்காமலே அதன் ஆழம் தெரியும். கீழே பென்சிலில் 7/25 என்று எழுதியிருந்தால், எடுத்த இருபத்தைந்தில் அது ஏழாவது என்று பொருள். வலது ஓரத்தில் கையெழுத்து. இருபத்தைந்து இருப்பதால்தான் விலை உனக்கு எட்டுகிறது. ஒவ்வொன்றும் அவர் கையால் மை ஏற்றி எடுத்ததுதான். அச்சோவியம் பார்க்க ஆசை வந்தால் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமிக்கும் போ. அங்கேயும் ஓவியர்கள் பட்டறையில் வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஓவியக் கல்லூரி மாணவர்கள் கண்காட்சி வைக்கும்போது தவறவிடாதே.

விலையைப் பற்றி வெளிப்படையாகப் பேசு. கேட்பதில் கூச்சம் வேண்டாம், பேரம் மட்டும் வேண்டாம். கேலரி மூலம் விற்றால் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ கமிஷனாகப் போவது வழக்கம். அதனால் நேரில் வாங்கினால் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று சிலர் கிளம்பிப் போகிறார்கள். அது முறையில்லை. கேலரியோடு தொடர்பில் உள்ள ஓவியர் இரண்டு இடத்திலும் ஒரே விலைதான் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அவர் பெயர் கெடும். நேரில் வாங்கும்போது அந்தக் கமிஷன் அவர் கைக்குப் போகிறது, அவ்வளவுதான். முழுப் பணம் இல்லையென்றால் மூன்று தவணையில் தரட்டுமா என்று கேள். நிறையப் பேர் ஒப்புக்கொள்வார்கள். சொன்ன தேதியில் கொடுத்துவிடு. “இதையே சோபாவுக்குப் பொருத்தமாக நீலத்தில் போட்டுத் தருவீர்களா?” என்று மட்டும் கேட்காதே. அவரை அது எவ்வளவு காயப்படுத்தும் என்று கேட்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

பில் வாங்கிக்கொள். தலைப்பு, வருடம், எதில் எதனால் செய்தது, அளவு, விலை, கையெழுத்து எல்லாம் அதில் இருக்கட்டும். ஒன்று தெரிந்து வைத்துக்கொள்: படம் உன்னுடையது, பதிப்புரிமை அவருடையது. உன் அலுவலகக் காலண்டரில் போடுவதானாலும் அவரைக் கேட்கவேண்டும். பின்னாளில் பத்தாயிரத்துக்கு மேல் மறுவிற்பனை ஆனால் அதில் ஓவியருக்குப் பங்கு உண்டு என்று 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு சொல்கிறது. நாளைக்கு விலை ஏறும் என்று யாராவது சொன்னால் அதை நம்பி வாங்காதே. வாங்கிய படத்தைத் திரும்ப விற்பது நகையை விற்பதுபோல லேசில்லை.

இனி வீட்டில். ஐப்பசி கார்த்திகை மழையில் நனைகிற வெளிச்சுவரின் உட்புறத்தில் மாட்டாதே. காகிதத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். நேர் வெயில் விழும் இடமும் ஆகாது. லாமினேஷன் என்று ஃபிரேம் கடைக்காரர் ஆரம்பித்தால் அங்கிருந்து கிளம்பிவிடு. அமிலமில்லாத மவுன்ட் போர்டு வைக்கச் சொல். கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவில் இடைவெளி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். எந்தக் கடை ஒழுங்காகச் செய்யும் என்று வரைந்தவரையே கேள், அவர்களுக்குத்தான் தெரியும்.

என்ன எடுத்தாய், என்ன அளவு என்று எழுது. ஃபிரேம் செலவு என்னுடையது.

உன் பெரியம்மா