கணினி வகுப்பில் முதற்பாடம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒருகாலத்தில் இளைஞர் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பயிலச் சென்றனர். இன்று கணினி பயிலச் செல்கின்றனர். கருவி மாறிற்று, ஆயின் எவ்விரல் எவ்விசையில் என்பதே பல வகுப்புகளில் இன்னும் முதற்பாடம். கணினி பயிற்றுந் தொழிலிலுள்ள நாம் வேறொன்றையே முதலிற் கற்பிக்க விரும்புவோம்.

மாணவர் பலர் பாமினி எழுத்துருவிற் பழகி வருவர். அவர் 'அம்மா' என்றடிக்கும்போது கணினியுள் தங்குவது தமிழன்று. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளே. எழுத்துரு அவற்றின்மேற் போர்த்த உடை. கொட்டாஞ்சேனையில் எழுதிய கடிதத்தை அவ்வெழுத்துரு இல்லாத வெள்ளவத்தைக் கணினியில் திறந்தால் உடை கழன்றுவிடும். இதனைச் சொல்வதினும் செய்துகாட்டுவதே நன்று. மாணவரைத் தம் பெயரை அடித்து, எழுத்துருவை மாற்றச் சொல்வோம். பெயர் பொருளற்ற ஆங்கில எழுத்தாய் நிற்கக் கண்டவர் அப்பாடத்தை மறவார்.

1991இல் வெளிவந்த யுனிக்கோட்டு முறையில் தமிழுக்குத் தனியிடம் உண்டு. அகரத்தின் எண் 2949. மகரத்தின் எண் 2990. ஆங்கில எம்முக்குரிய 109 வேறு. ஆதலின் எத்தமிழ் யுனிக்கோட்டு எழுத்துருவிலும் அகரம் அகரமே. இலங்கைக் கட்டளைகள் நிறுவகமும் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தமிழ் நியமத்தை வெளியிட்டது.

இடர்ப்பாடு கொம்பிலேதான். 'கெ' என்பதற்குத் தட்டெழுத்துப் பொறியிலும் பாமினியிலும் கொம்பு முன், ககரம் பின். யுனிக்கோட்டிற் சேமிக்கப்படுவதோ ககரம் முன், கொம்பு பின். கண்ணுக்கு முன்னே நிற்பதைப் பின்னே வைப்பானேன் என்று பழுத்த எழுதுவினைஞர் வினவுவர். வினா நியாயமானதே. ஒலியை நோக்குக என்போம்: மெய் முன்னும் உயிர் பின்னுமன்றோ ஒலிக்கின்றன? நன்னூல் பயின்ற முதியோர் இதனை உடனே ஏற்பர். இளையோர்க்கே அவகாசம் வேண்டும்! விரற்பழக்கத்தை விடவியலாதார்க்கு, பழைய வரிசையை ஏற்று உள்ளே மாற்றிக்கொள்ளும் விசைப்பலகைகளும் உள.

சங்க அறிக்கைகளும் மலர்களும் பழைய எழுத்துருக்களிற் கிடக்கும் கோப்புகளே எமக்குப் பெருங்கவலை. அவற்றை மாற்றித்தரும் மென்பொருள்கள் உள. ஆயின் இடையே வந்த உண்மையான ஆங்கிலச் சொல்லும் அவற்றாற் பொருளற்ற தமிழாகிவிடுதலுண்டு. ஆதலின் ஒருவர் அருகிருந்து அச்சுப்படியோடு வரிவரியாய் ஒப்புநோக்கல் வேண்டும். இத்தகைய கோப்புகளை வைத்திருக்கும் பழைய மாணவர், அவற்றுக்குரிய எழுத்துருவையும் உடன்வைத்துப் பேணுவாராக. மாற்றத் தொடங்குமுன் மூலக்கோப்புக்கு ஒரு படி எடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும்.