நிறத்தை நம்பாதீர்கள், பூவைத் திருப்பிப் பாருங்கள்

காஞ்சிபுரத்தில் வளர்ந்த எங்களுக்கு எதையும் நிறத்தை வைத்தே பிரித்துப் பார்க்கும் கண். அரக்கு, மாம்பழம், வெங்காயத்தோல் என்று புடவையைச் சொல்கிற மாதிரியே செடியையும் சொல்லப் பார்ப்போம். பூ பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் விட வேண்டிய பழக்கம் அதுதான்.

ஊட்டி மலர்க் கண்காட்சியில் பான்சி பார்த்திருப்பீர்கள். அதன் காட்டு மூதாதைகளில் ஒன்றான வயோலா ட்ரைகலர், ஐரோப்பாவின் குளிருக்குப் பழகியது. எங்கள் வெயிலுக்கு அது ஆகாது. ஆனால் அதே குடும்பத்துச் செடி ஒன்று இங்கே தரிசுக் கொல்லைகளிலும் மணற்பாங்கான மேடுகளிலும் மழைக்குப் பின் தலைகாட்டும். ஓரிதழ்த்தாமரை. நாட்டு மருந்துக் கடையில் பொடியாக விற்கிறார்களே, அதுதான். 1753இல் லின்னேயஸ் இதையும் வயோலா என்றே எழுதினார். காம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலில் அயோனிடியம், பிந்தைய நூல்களில் ஹைபாந்தஸ். இந்தப் பெயர்களைக் குறித்து வைத்துக்கொண்டால் புத்தகம் புரட்டும்போது தலை சுற்றாது.

செடி ஒரு சாண், மிஞ்சினால் இரண்டு. இலை குறுகலாக, காம்பே இல்லாதது போல மாறி மாறி நிற்கும். இலைக்கக்கத்தில் மெல்லிய காம்பில் ஒற்றைப் பூ. கண்ணில் படுவது கீழே அகன்று விரியும் ஒரே இதழ். லென்ஸ் வைத்தால் மேலே ஒடுங்கிக் கிடக்கும் நான்கு சிற்றிதழ்களும் தெரியும். இனிப் பூவைத் திருப்புங்கள். பெரிய இதழின் அடி சிறு பையாகப் புடைத்திருக்கும். பான்சியில் அதே இடம் பின்னோக்கி வாலாக நீண்டிருக்கும். பக்கத்திலேயே விஷ்ணுகிராந்தி நீலமாகப் பூத்திருந்தாலும் குழப்பம் வராது. அதன் பூ சமமான வட்டம், பையும் கிடையாது.

பூவைவிட நான் நம்புவது காயை. உருண்டைக் காய் முற்றியதும் மூன்று மடலாகப் பிளக்கும்; விதையில் நீளவாக்கில் கோடுகள் ஓடும். பூவின் நிறமோ ஒரே கொல்லையிலேயே வெளிறியும் அடர்ந்தும் இருக்கும்.

துணையினத்துக்குப் போனால் கண் மண்ணுக்கும் இறங்க வேண்டும். ட்ரைகலருக்கும் வயல் பான்சியான ஆர்வென்சிஸுக்கும் வித்தியாசம் காண, அல்லி இதழ் புல்லி இதழைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். தாண்டினால் பெரும்பாலும் ட்ரைகலர். அதிலும் கடற்கரை மணல்மேட்டில் நிலத்தடித் தண்டோடு பல ஆண்டு வாழ்வது கர்ட்டிசி துணையினம். பூ பல நேரம் மஞ்சள். ஆனால் மஞ்சளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். நம் ஓரிதழுக்கும் ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சுப் பூ உறவு ஒன்று உண்டு. ஒரு காலத்தில் துணையினம் என்றார்கள், பிறகு தனி இனமாக்கிவிட்டார்கள்.

படம் எடுத்தால் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம், காய், இலை ஒட்டும் இடம் எல்லாம் எடுங்கள், அளவுக்கு ஒரு நாணயத்தோடு. செடியைப் பிடுங்காதீர்கள், மருந்துக்கென்று வேரோடு பிடுங்குகிறவர்களே போதும். பிறகும் சந்தேகமா? திருச்சி ராபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய கே. எம். மாத்யூவின் தமிழ்நாட்டுத் தாவர நூலில் படங்களுக்கென்றே தனித் தொகுதி இருக்கிறது. உங்கள் படத்தை அதன் பக்கத்தில் வையுங்கள்.